டியூப் போகவில்லை என்றால் மயக்க டாக்டர் என்ன செய்கிறார்?

தம்பிக்கு ஆபரேஷன் நாள் குறித்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுக்குழாயில் டியூப் போட முடியாமல் போனால் என்னென்ன செய்ய வேண்டும் என்று மயக்கவியல் சங்கங்கள் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கின்றனவாம். உயிர் ஊசலாடும் அந்த நிமிடத்தில் யாராவது அதைப் பார்த்துச் செய்கிறார்களா? நடைமுறையில் எந்த அளவுக்குப் பின்பற்றுகிறார்கள்?"

அந்த நிமிடத்தில் யாரும் தாளைப் புரட்டுவதில்லை. வழிகாட்டுதலின் பெரும்பகுதி நோயாளி தூங்குவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு மிச்சம் இருப்பது, ஒரு முயற்சி பலிக்கவில்லை என்றால் அதைக் கைவிட்டு அடுத்த படிக்குப் போவது. மயக்க டாக்டராக என் பதினெட்டு வருட வேலையில் இதைவிடக் கடினமான ஒன்றை நான் கற்றுக்கொண்டதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஏன் இத்தனை கவலை என்பது புரிய வேண்டும். பொது மயக்கத்தில் தூங்க ஒரு மருந்தும், தசைகளைத் தளர்த்த இன்னொரு மருந்தும் கொடுக்கிறோம். இரண்டாவது மருந்து ஏறியதும் மூச்சு நின்றுவிடும். நிறுத்தியது நாங்கள்; அதை நடத்த வேண்டியவர்களும் நாங்கள்தான். மூச்சை விட்ட பிறகு நுரையீரலில் மிஞ்சி நிற்கும் காற்று பெரியவர்களுக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் என்பதால் அதில் அரை லிட்டர்தான் தேறும். உடல் நிமிடத்துக்கு 250 மில்லி வரை செலவழிக்கிறது. அந்த இருப்பு கரைய எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். அதனால்தான் மயக்கத்துக்கு முன் மூன்று நிமிடம் மாஸ்க்கை முகத்தோடு ஒட்டப் பிடித்து "நல்லா இழுத்து விடுங்க" என்கிறோம். நுரையீரல் முழுக்க ஆக்சிஜனால் நிறைந்துவிட்டால், ஆரோக்கியமான ஒருவர் மூச்சில்லாமலே எட்டு நிமிடம் வரை தாங்குவார். நிறைமாதக் கர்ப்பிணி, உடல் பருத்தவர், சின்னக் குழந்தை ஆகியோருக்கு அந்த இருப்பு மிக வேகமாகக் கரையும். பலர் மாஸ்க்கைப் பார்த்துப் பயந்து முகத்தைத் திருப்புவார்கள். உங்கள் தம்பியிடம் சொல்லி வையுங்கள், திருப்ப வேண்டாம் என்று. அந்த மூன்று நிமிடத்தில் சேர்த்து வைப்பதுதான் அவருக்காக எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

டியூப் போகாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு ஒழுங்கை எழுதி வைக்கும் வழக்கம் பிரசவ அறையில் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மைக்கேல் டன்ஸ்டால் என்ற மயக்க மருத்துவர் 1976-இல் சிசேரியனுக்கு அப்படியொரு பயிற்சி முறையை வகுத்தார். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1993-இல் தன் முதல் வழிகாட்டுதலைக் கொண்டுவந்தது. அண்மைத் திருத்தம் 2022-இல். பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2004-இலும் 2015-இலும் வெளியிட்டதை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டுக்கென ஆல் இந்தியா டிஃபிகல்ட் ஏர்வே அசோசியேஷன் 2016 டிசம்பரில் ஐந்து வழிகாட்டுதல்களை ஒன்றாக வெளியிட்டது: பெரியவர்கள், குழந்தைகள், பிரசவம், ஐசியு, கடைசியாக டியூப்பை வெளியே எடுப்பது.

நாங்கள் அன்றாடம் நினைவில் வைத்திருப்பது இந்த இந்திய வழிமுறையைத்தான். மூக்கில் ஒரு சின்னக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜனை விடாமல் ஓட விட வேண்டும். நாக்கைத் தூக்கிக் குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் போட்டு முயல்வது அதிகபட்சம் மூன்று முறை. அதுவும் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான். இடையில் குறைந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு மாஸ்க் வைத்து ஊத வேண்டும். மூன்றும் பலிக்கவில்லை என்றால் குரல்வளைக்கு மேலே உட்காரும் எல்எம்ஏ, ஐ-ஜெல் போன்ற சாதனம். அதற்கு இரண்டு முயற்சி. அதுவும் சரியாக உட்காரவில்லை என்றால், தசை முழுக்கத் தளர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு கடைசியாக ஒருமுறை மாஸ்க். அதிலும் காற்று போகவில்லை என்றால் கழுத்தின் முன்புறம் வெட்டித் திறக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். பிரிட்டிஷ் வழிமுறையும் ஏறக்குறைய இதே ஏணிதான். அங்கே மூன்றுக்கு மேல் நான்காவது முயற்சி ஒன்று உண்டு. அதை வேறொரு அனுபவசாலிதான் செய்ய வேண்டும்.

இதில் எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று பிஜி (மேற்படிப்பு) மாணவர்கள் கேட்பார்கள். தொண்டை ஈரமான, மிக மென்மையான இடம். ஒவ்வொரு முறை லாரிங்கோஸ்கோப்பின் பிளேடு உள்ளே போகும்போதும் கொஞ்சம் வீங்கும், கொஞ்சம் கசியும். முதல் முயற்சியின்போது மாஸ்க்கில் சுலபமாக ஊத முடிந்த நோயாளி, ஐந்தாவது முயற்சிக்குப் பிறகு ஊதவே முடியாதவர் ஆகிவிடலாம். டியூப் போகாததால் மட்டும் யாரும் சாவதில்லை. ஆக்சிஜன் போகாததால்தான் சாகிறார்கள். டியூப்பைத் துரத்திக்கொண்டே போய் ஆக்சிஜனுக்கான வழியையும் அடைத்துவிடுகிறோம் என்பதுதான் அந்த எண்ணிக்கைக்குக் காரணம்.

அப்படியானால் யாருக்குக் கஷ்டம் வரும் என்று முன்கூட்டியே தெரியாதா? ஆபரேஷனுக்கு முன் பார்க்க வரும்போது வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்போமே, அதற்கு மல்லம்பட்டி பரிசோதனை என்று பெயர். குண்டூர் மருத்துவக் கல்லூரியில் படித்து பாஸ்டன் போன சேஷகிரி மல்லம்பட்டி 1985-இல் வெளியிட்டது. உலகின் எந்த நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேஸ் ஷீட்டில் அந்த ஆந்திரப் பெயர் இருக்கும். அதோடு, நோயாளியின் சொந்த விரல் மூன்று வாய்க்குள் நிற்கிறதா, கழுத்து பின்னால் சாய்கிறதா, தாடைக்கும் குரல்வளைக்கும் எவ்வளவு தூரம், கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்க முடிகிறதா, கழுத்தில் தீக்காயத் தழும்பு இருக்கிறதா, தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுவாரா என்றெல்லாம் பார்க்கிறோம். இவ்வளவும் பார்த்தாலும் கணிப்பு அடிக்கடி தவறுகிறது. டென்மார்க்கில் 1,88,064 நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 3,391 பேருக்கு டியூப் போடுவது கடினமாக இருந்தது. அதில் 93 சதவீதம் பேருக்கு அப்படி இருக்கும் என்று யாரும் முன்னால் எதிர்பார்க்கவில்லை. கடினம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான் உண்மையிலேயே கடினமாக இருந்தது.

இந்த எண்களைப் படித்த நாளிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். "சாதாரண கேஸ்" என்று எனக்கு ஒன்று கிடையாது. ஒவ்வொருவருக்கும் தலைமாட்டில் பூஜி (டியூப்புக்கு முன்னே விட்டு வழிகாட்டும் மெல்லிய வளைகுச்சி), ஐ-ஜெல், ஓடிக்கொண்டிருக்கும் சக்சன் (உறிஞ்சும் கருவி) மூன்றும் இருக்க வேண்டும். மயக்க மருந்து ஏற்றும் முன் சத்தமாக ஒரு வாக்கியம் சொல்வேன்: "முதல்ல வீடியோ ஸ்கோப், அடுத்து பூஜி, மூணு தடவைக்கு மேல போகமாட்டேன், அப்புறம் நாலாம் நம்பர் ஐ-ஜெல்." சிஸ்டருக்கும் டெக்னீஷியனுக்கும் சர்ஜனுக்கும் காதில் விழ வேண்டும். இதைச் சொல்ல பத்து விநாடி போதும். வழிகாட்டுதலைப் பின்பற்றுவது என்றால் என்னைப் பொறுத்தவரை இந்தப் பத்து விநாடியில்தான் பாதி அடங்கியிருக்கிறது.

முன்கூட்டியே நிச்சயமாகத் தெரிந்துவிட்ட கேஸில் வழிகாட்டுதல் வேறு பாதையில் போகச் சொல்லும்: மூச்சை நிறுத்தாதே, விழித்திருக்கும்போதே டியூப் போடு. நம் நாட்டில் இதற்கான தேவை மிக அதிகம். பாக்கும் பான் மசாலாவும் வருடக்கணக்கில் மென்று கன்னத்தின் உட்புறம் நார் போல இறுகி, வாய் திறக்காமல் போனவர்கள் வாரம்தோறும் வருகிறார்கள். தமிழ்நாட்டில் குட்கா 2013-இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. வாய்கள் இன்னும் திறந்தபாடில்லை.

அப்படி வந்த ஒரு லாரி டிரைவரைச் சொல்கிறேன். நாற்பது வயதிருக்கும், கன்னத்தில் புற்றுநோய். வாயைத் திறக்கச் சொன்னால் அவருடைய ஆள்காட்டி விரல் ஒன்றுதான் உள்ளே போனது. முந்தின நாள் சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னேன்: "அண்ணே, உங்களைத் தூங்க வைக்கறதுக்கு முன்னாடியே மூக்கு வழியா ஒரு மெல்லிசான குழாய் விடுவேன். வலிக்காது, மரத்துப்போக மருந்து அடிப்பேன். ஆனா கூடவே நீங்களும் ஒத்துழைக்கணும்." அவர் கேட்டது ஒன்றுதான்: "முழிச்சிட்டிருக்கும்போதேவா டாக்டரம்மா? மூச்சு முட்டாதா?" முட்டாது, கொஞ்சம் இருமல் வரும், நான் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பேன் என்றேன்.

காலையில் எச்சில் வற்ற ஒரு ஊசி, மூக்கடைப்பு நீக்கும் சொட்டு, லிக்னோகெய்ன் ஆவி பிடித்தல், தொண்டையில் ஸ்பிரே. உடல் எடைக்கு இவ்வளவுதான் லிக்னோகெய்ன் என்று உச்சவரம்பு இருக்கிறது. பிரிட்டிஷ் வழிகாட்டுதலில் கிலோவுக்கு 9 மில்லிகிராம். எவ்வளவு கொடுத்தோம் என்பதை டெக்னீஷியன் போர்டில் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு, உள்ளே இருப்பதைத் திரையில் காட்டும் வளையக்கூடிய மெல்லிய குழாயான ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப். மூக்கின் தரை, அண்ணத்தின் பின்புறம், நாக்கின் வேர், அப்புறம் திரையில் கூரை போலச் சாய்ந்த இரண்டு வெள்ளைக் கோடுகள். குரல்நாண்கள். அவர் மூச்சு விடும்போது நெருங்கின, இழுக்கும்போது விலகின. "மெதுவா நல்லா இழுங்கண்ணே." இழுத்தார், கதவு திறந்தது, ஸ்கோப் உள்ளே போனது. வளையம் வளையமாக மூச்சுக்குழாய், கடைசியில் அது இரண்டாகப் பிரியும் இடம். அதன்மேலேயே டியூப்பை வழுக்கி இறக்கினோம். இருமினார், கண்ணில் நீர் வந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. குரல்நாண்களுக்கு நடுவே டியூப் இருந்தால் குரல் வராது. எங்களுக்கு அது நல்ல சகுனம். கேப்னோகிராஃப் திரையில் சதுர அலைகள் வரிசையாக வந்த பிறகுதான் தூங்க மருந்து கொடுத்தேன். தொடக்கத்திலிருந்து முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அடுத்த கேஸுக்காகக் காத்திருந்த சர்ஜன் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். பார்க்கட்டும். அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் ஒரு விநாடி கூட அந்த அண்ணனின் மூச்சு நிற்கவில்லை.

கேப்னோகிராஃப் என்று சொன்னேன் அல்லவா, அதைப் பற்றிக் கொஞ்சம். வெளியே வரும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதா என்று காட்டும் கருவி அது. டியூப் மூச்சுக்குழாயில் இருந்தால் அலை வரும், உணவுக்குழாயில் இருந்தால் நிலையான அலை வராது. ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கிறதே, நெஞ்சு ஏறி இறங்குகிறதே என்பதெல்லாம் ஏமாற்றும். விரலில் மாட்டும் சாச்சுரேஷன் கருவி அரை நிமிடம், ஒரு நிமிடம் தாமதமாகத்தான் சொல்லும். பிரிட்டனில் ஓராண்டு முழுக்க எல்லா ஆஸ்பத்திரிகளிலும் மூச்சுப்பாதையில் நடந்த விபத்துகளைச் சேகரித்து 2011-இல் வெளியிட்ட நான்காவது தேசியத் தணிக்கையில், ஐசியு மரணங்களில் எழுபது சதவீதத்துக்கு மேல் கேப்னோகிராஃப் இல்லாததோ அதைச் சரியாகப் பயன்படுத்தாததோ ஒரு காரணமாக இருந்தது. அலை இல்லை என்றால் டியூப் தப்பான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "நான்தான் கண்ணால பார்த்தேனே, உள்ளே போச்சே" என்ற வாதம் அங்கே செல்லாது.

இப்போது நான் முதலில் சொன்ன கடினமான விஷயத்துக்கு வருகிறேன். 2005 மார்ச் 29 அன்று இங்கிலாந்தில் எலேன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண், சைனஸ் ஆபரேஷனுக்குப் படுத்தார். இரண்டு குழந்தைகளின் தாய், வேறு நோய் எதுவும் இல்லாதவர். எல்எம்ஏ உட்காரவில்லை, மாஸ்க்கில் ஊத முடியவில்லை, டியூப்பும் போகவில்லை. அறையில் அனுபவம் மிக்க மயக்க மருத்துவர்கள் இருந்தார்கள், காது மூக்கு தொண்டை சர்ஜனும் இருந்தார். ஒரு நர்ஸ் கழுத்தில் மூச்சுக்கு வழி திறக்கும் டிரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்து தயாராக இருப்பதைச் சொன்னார். இன்னொருவர் ஐசியுவில் படுக்கை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வந்தார். டாக்டர்கள் டியூப் போடுவதிலேயே மூழ்கியிருந்தார்கள். இருபது நிமிடங்களுக்கு மேல் சாச்சுரேஷன் மிகக் கீழே கிடந்தது. 13 நாள் கழித்து அவர் இறந்தார். அவர் கணவர் மார்ட்டின் புரோமிலி விமானி. விமான விபத்து நடந்தால் எப்படி விசாரிப்பார்களோ அப்படி இதை விசாரிக்க வேண்டும், யாரையும் தண்டிப்பதற்காக அல்ல என்று கேட்டார். 2007-இல் மருத்துவத்தில் மனிதக் காரணிகளுக்காக ஓர் அமைப்பையே தொடங்கினார்.

அந்த டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் தெரியாமல் இல்லை. பிரிட்டிஷ் வழிகாட்டுதல் அதற்கு முந்தின வருடம்தான் வந்திருந்தது. கை ஒரு வேலையில் இறங்கிவிட்டால் மனம் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. "இன்னும் ஒரே ஒரு தடவை, இந்த முறை தெரிஞ்சிடும்." நேரம் போவது உறைக்காது. பக்கத்தில் நிற்பவர் சொல்வது காதில் ஏறாது. இதை யாரோ திறமை இல்லாதவர்களின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்கே நடக்கும் வரை.

அப்போது நான் ஒரு சின்ன ஊர்த் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கேஸ் கேஸாகப் போய் வந்துகொண்டிருந்தேன். பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி. ஐம்பது வயது அம்மா, கொஞ்சம் பருத்த உடம்பு, கழுத்து குட்டை. மல்லம்பட்டி இரண்டாம் வகுப்பு, அதாவது தொண்டை ஓரளவு நன்றாகவே தெரிந்தது; வாய் மூன்று விரல் திறந்தது. கஷ்டம் வரும் என்று தோன்றவில்லை. மூன்றாம் நம்பர் பிளேடு போட்டால் குரல்வளை மூடியின் நுனி மட்டும் தெரிகிறது. பூஜியைக் குருட்டாம்போக்கில் வளைத்து விட்டேன், உணவுக்குழாயில் போனது. மாஸ்க்கில் ஊதினேன், நன்றாகவே போனது. நாலாம் நம்பர் பிளேடு, தலையணையைச் சரிசெய்து மறுபடி. அதே காட்சி. மூன்றாவது முறை, எதையும் மாற்றாமல், அதே பிளேடு. கொஞ்சம் ரத்தம் கசிந்தது. எடுத்து ஊதிவிட்டு, கை தானாக மறுபடி லாரிங்கோஸ்கோப்பை நோக்கிப் போனது. அப்போது என் வலப்பக்கம் பிளாஸ்டிக் கிழிகிற சத்தம் கேட்டது. "மேடம், மூணு ஆயிடுச்சு. ஐ-ஜெல் பிரிச்சுட்டேன்." ஸ்டாஃப் நர்ஸ். ஜெல் தடவி, என் கைக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார். குரலில் பதற்றமும் இல்லை, கண்டிப்பும் இல்லை.

வாங்கிப் போட்டேன். அலை வந்தது. சாச்சுரேஷன் 93-இலிருந்து 99-க்கு ஏறியது.

மயக்கம் கொடுக்கும் முன் நான் சொன்ன அந்தப் பத்து விநாடி வாக்கியத்தால்தான் அந்த நர்ஸ் தங்கைக்குப் பேச வாய்த்தது. "மூணு தடவைக்கு மேல போகமாட்டேன்" என்று அன்று சத்தமாகச் சொல்லியிருந்தேன். அவர் என்னைத் திருத்தவில்லை, நான் சொன்னதையே எனக்கு ஞாபகப்படுத்தினார். டாக்டரிடம் "நிறுத்துங்க" என்று சொல்ல நம் ஊர் தியேட்டரில் எந்த நர்ஸுக்கும் வாய் எழாது. எண்ணிக்கை சொல்வது யாருக்கும் முடியும். அதனால் இன்று என்னோடு வேலை செய்யும் பிஜிக்களுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்: எண்ணுவதற்கு ஓர் ஆளை நியமித்துவிட்டு மயக்கம் கொடு.

ஐ-ஜெல் உட்கார்ந்ததும் வழிகாட்டுதல் "நின்று யோசி" என்கிறது. எழுப்பிவிடலாமா, அதன் வழியாகவே ஸ்கோப் விட்டு டியூப் போடலாமா, இதிலேயே ஆபரேஷனைத் தொடரலாமா, கழுத்தில் வழி செய்யலாமா என்று நான்கு யோசனை. அன்று சர்ஜன், "சீல் நல்லாத்தானே இருக்கு மேடம், அரை மணியில முடிச்சுடறேன்" என்றார். வயிற்றில் காற்று ஏற்றிச் செய்யும் ஆபரேஷன், கசிந்த தொண்டை, அந்த ஆஸ்பத்திரியில் ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் கிடையாது. கல் எங்கும் ஓடிப்போகாது. எழுப்புவோம் என்றேன். தசைத் தளர்வை உடனே முறிக்கும் சுகமடெக்ஸ் அங்கே இல்லை. ஐ-ஜெல்லிலேயே நாற்பது நிமிடம் தூங்க வைத்திருந்து, தளர்வு தானாக இறங்கத் தொடங்கியதும், மிச்சத் தளர்வை நீக்கும் நியோஸ்டிக்மின் கொடுத்து எழுப்பினோம். வெளியே அவர் மகன், "ஆபரேஷன் பண்ணாமலேயா வெளியே கொண்டாந்தீங்க?" என்று கேட்டார். கோபம் நியாயமானது. நாற்காலி போட்டு உட்கார வைத்து, படம் வரைந்து காட்டிச் சொன்னேன். பத்து நாள் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில், விழித்திருக்கும்போதே டியூப் போட்டு, அதே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

வழிகாட்டுதல் அப்படியே நடக்காத இடங்களும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. "உதவிக்கு அழை" என்று எழுதியிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, தாலுகா ஊரில், தனியாளாக நிற்கும் மயக்க டாக்டர் யாரை அழைப்பது? சர்ஜனைத்தான். அதனால் சர்ஜன் கை கழுவப் போகும் முன் டியூப் போய்விட்டதா என்று பார்த்துவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொள்ளச் சொல்லுவேன். சுகமடெக்ஸால், தசையைத் தளர்த்தும் ரோகுரோனியத்தை உடனே முறித்து எழுப்பலாம் என்று புத்தகம் சொல்கிறது. அவசரத்துக்குக் கிலோவுக்கு 16 மில்லிகிராம் வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு 200 மில்லிகிராம் பாட்டில் ஐந்து. சின்ன ஆஸ்பத்திரிகளில் ஒன்று இருப்பதே அபூர்வம். சில நிமிடமே தசையைத் தளர்த்தும் ஸ்காலின் போட்டால் சீக்கிரம் மூச்சு திரும்பிவிடும் என்ற பழைய நம்பிக்கையும் ஆபத்தானது. காற்றே போகாத நோயாளிக்கு, மருந்து இறங்கும் முன்பே சாச்சுரேஷன் இறங்கிவிடும். ஊர் ஊராகப் போய் மயக்கம் கொடுப்பவர்கள் இதற்காகவே காரின் டிக்கியில் சொந்தப் பெட்டி வைத்திருக்கிறார்கள். என் பெட்டியில் பூஜி, மூன்று அளவு ஐ-ஜெல், கையடக்க வீடியோ லாரிங்கோஸ்கோப், அதன் பக்கத்தில் தனி ஜிப் பையில் 10-ஆம் நம்பர் கத்தியும் 6 சைஸ் டியூப்பும்.

சிசேரியன் தனி உலகம். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டே முடிந்துவிடுகிறது. பொது மயக்கம் கொடுக்க நேரும்போது ஏறக்குறைய 390 பேரில் ஒருவருக்கு டியூப் போவதில்லை என்கின்றன ஆய்வுகள். அங்கே "எழுப்பிவிடு" என்பது அவ்வளவு சுலபமில்லை, வயிற்றில் குழந்தை மூச்சுக்குத் தவிக்கும்போது. போகாவிட்டால் எழுப்புவதா தொடர்வதா என்பதை மயக்கம் கொடுக்கும் முன்பே பிரசவ டாக்டரோடு பேசி வைத்துக்கொள்ளச் சொல்கிறது வழிகாட்டுதல். பேசாமல் போய், போகாதபோது பேசத் தொடங்கினால் இரண்டு உயிருக்கும் நேரம் இருக்காது.

கடைசிப் படி, கழுத்தில் கத்தி. பெரும்பாலான மயக்க மருத்துவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்திருக்க மாட்டார்கள். நானும் செய்ததில்லை. அதனாலேயே பயிற்சி எடுக்க வேண்டும். கறிக்கடையில் சொல்லி வைத்து ஆட்டு மூச்சுக்குழாய் வாங்கி வருவோம். அதைப் பலகையில் ஆணியடித்து, மேலே தோலுக்குப் பதில் பிளாஸ்டர் ஒட்டி வைப்போம். குரல்வளைக் குமிழுக்குக் கீழே விரலை இறக்கினால் ஒரு பள்ளம் அகப்படும். அங்கே குறுக்காகக் குத்து, கத்தியைத் திருப்பிக் கூர்முனை காலை நோக்கி இருக்கும்படி பிடி, அதன் ஓரமாகப் பூஜியை வழுக்கி விடு, பூஜியின் மேல் 6 சைஸ் டியூப். கத்தி, பூஜி, டியூப், மூன்றே பொருள். ஊசியால் துளைக்கும் பழைய முறை, நான் மேலே சொன்ன பிரிட்டிஷ் தணிக்கையில் அறுபது சதவீதம் தோற்றுப்போனதால்தான் பிரிட்டனில் கத்திக்கு மாறினார்கள். பலகையில் பழகினால் கை முப்பது விநாடியில் முடித்துவிடும். "இப்போது வெட்டுகிறேன்" என்று மனம் ஒப்புக்கொள்ளத்தான் நேரம் ஆகிறது. அதனால் பயிற்சியில் அந்த வார்த்தைகளையும் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன்: "டியூப் போகலை, ஐ-ஜெல் நிக்கலை, மாஸ்க்ல காத்து போகலை. கழுத்துல வெட்டப் போறேன்." சொல்லிவிட்டால் கை தயங்காது.

டியூப்பை எடுக்கும் நேரத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். போடக் கஷ்டப்பட்டவருக்கு, எடுத்த பிறகு தொண்டை வீங்கினால் மறுபடி போடுவது இன்னும் கஷ்டம். நன்றாக விழித்து, சொன்னதைச் செய்து, தசை வலு முழுக்கத் திரும்பிய பிறகுதான் எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அன்று ராத்திரி ஐசியுவில் டியூப்போடு இருக்கட்டும்.

எல்லா வழிகாட்டுதலிலும் கடைசி வரியாக ஒன்று இருக்கும்: நடந்ததை எழுதி நோயாளியின் கையில் கொடு. அந்தப் பித்தப்பை அம்மாவுக்கு லெட்டர்பேடில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். மாஸ்க்கில் ஊதுவது சுலபம், லாரிங்கோஸ்கோப்பில் மூன்று முறை பார்த்தும் குரல்நாண் தெரியவில்லை, பூஜி போகவில்லை, நாலாம் நம்பர் ஐ-ஜெல் நன்றாக நின்றது, அடுத்த முறை விழித்திருக்கும்போதே ஸ்கோப். கீழே என் போன் நம்பர். "எந்த ஆபரேஷன்னாலும் முதல்ல இதைக் காட்டுங்கம்மா" என்றேன். காப்பீட்டு அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

நாலு வருடம் கழித்து ஒரு மத்தியானம் திருச்சியிலிருந்து போன். முன்பின் தெரியாத குரல். "மேடம், இங்க ஒரு அம்மா, குடல் அடைப்பு, எமர்ஜென்ஸி. இன்சூரன்ஸ் கார்டு கேட்டா உள்ளேயிருந்து ஒரு சீட்டை எடுத்துக் குடுக்குறாங்க. உங்க கையெழுத்து. பூஜி போகலைன்னு எழுதியிருக்கீங்களே, எந்த பிளேடுல?"

"முதல்ல மூணு, அப்புறம் நாலு. ரெண்டுலயும் மூடியோட நுனிதான் தெரிஞ்சுது."

"சரி மேடம்" என்றார். போனை வைப்பதற்குள், ஃபைபர் ஆப்டிக் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லி அவர் யாருக்கோ குரல் கொடுப்பது எனக்கும் கேட்டது.